கருமையின் வரலாறு

கொழும்பு மருதானையிலிருந்து தெமட்டகொடையை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி மாளிகாவத்தை இருக்கிறது. மாளிகையும் தோட்டமும் சேர்ந்த பெயர். ஆனால், நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்தோர் நாடோறும் கண்டது கரியும் புகையுமே. 1864 ஆம் ஆண்டு டிசெம்பர் 27 ஆம் நாள் இலங்கையின் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. அன்று தொடங்கி, 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்து சேரும் வரையில், நிலக்கரியே புகையிரதத்தின் உணவாக இருந்தது. நம் நாட்டில் நிலக்கரி அகழப்படுவதில்லை, கப்பலில் வந்தது. துறைமுகத்தில் அதனைச் சுமந்தவரும், எஞ்சினின் வாயில் அதனை அள்ளிப் போட்டவரும், மாலையில் தம் உடம்பிலிருந்து அதனைத் தேய்த்துக் கழுவியவரும் நம்மைப் போன்ற தொழிலாளரே.

கொடியில் உலரும் வேட்டியில் அந்தக் கரித்தூள் படிந்தால் அது அழுக்கு. அடுக்களை விளக்கில் படிந்த அதே கரியை நெய்யிற் குழைத்துக் குழந்தையின் கன்னத்தில் ஒரு பொட்டாக இட்டால் அது காப்பு. கண்ணில் தீட்டினால் அழகு. ஓலையில் தடவினால் எழுத்து. பொருள் ஒன்றே, பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு நிறத்தை நாம் நல்லது என்றும் தீயது என்றும் எப்படி வகுத்தோம், அவ்வகுப்பில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு பிறரிடம் வாங்கியது என்பதே இன்றைய பேச்சுக்குரிய பொருள்.

முதலில் சாவு வீட்டை நோக்குவோம். மாளிகாவத்தையில் முசுலிம் மக்களின் பெரிய அடக்கத்தலம் ஒன்று உண்டு. அங்கு கொண்டு செல்லப்படும் உடலைப் போர்த்தும் கபன் துணி வெண்மையானது. வெள்ளவத்தையில் ஒரு சைவக் குடும்பத்தில் இழவு நேர்ந்தால் ஆடவர் வெள்ளை வேட்டி உடுப்பர்; கைம்பெண்ணுக்கு நம் முன்னோர் விதித்ததும் வெள்ளைப் புடைவையே. பௌத்தர் வீட்டிலும் வெள்ளைக் கொடியே தொங்கும்; துறவிகளுக்கு வழங்கும் துணியும் வெள்ளை. கொட்டாஞ்சேனைக்குப் போனால் வேறு காட்சி. அங்கு புனித லூசியாள் பேராலயத்தை நடுவாகக் கொண்டு வாழும் கத்தோலிக்கரிடையே, இறந்தோருக்கான பூசையில் குருவானவர் கறுப்பு மேலாடை அணிவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 1969 - 70 ஆம் ஆண்டுகளில் திருச்சபை தன் பூசை முறையைத் திருத்திய பின்னர் ஊதாவும் வெள்ளையும் அவ்விடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன.

ஆகவே ஒரே நகரில், ஓரிரு மைல் தொலைவுக்குள், துக்கத்துக்கு இரண்டு நிறங்கள். கறுப்பைத் துக்கத்தின் நிறமாகக் கொண்டது ஐரோப்பிய மரபு. பண்டை உரோமர் இழவுக்குக் கருநிற மேலாடை உடுத்தனர். அவ்வழக்கம் வளர்ந்து, 1861 இல் கணவரை இழந்த விக்டோரியா மகாராணி 1901 இல் தாம் இறக்கும் வரை கறுப்பையே அணிந்தபோது, பேரரசு எங்கும் அதுவே நாகரிகம் ஆயிற்று. நம்மவரின் கறுப்புப் பட்டியும் கறுப்புக் கோடு அச்சிட்ட மரண அறிவித்தலும் அவ்வழி வந்தவையே. வாங்கியதில் குற்றம் இல்லை. வாங்கியது என்பதை மறந்து, கறுப்பு ஆதிமுதலே நம் முன்னோருக்கு ஆகாத நிறம் என்று பேசுவதே வரலாற்றோடு பொருந்தாது.

மாளிகாவத்தையின் முசுலிம் மக்களைக் கேட்டால், தாம் தொழும்போது முகம் திருப்பும் கஃபா கறுப்புத் துணியால் போர்த்தப்பட்டது என்பர். அத்துணி வெவ்வேறு காலங்களில் வெள்ளை, பச்சை, சிவப்பு முதலிய நிறங்களிலும் இருந்ததுண்டு. அப்பாசியர் ஆட்சியின் பிற்பகுதியிலிருந்து கறுப்பே நிலைத்தது. அவ்வரச மரபின் கொடியும் கறுப்பாகவே இருந்தது. அங்கு கறுப்பு மாட்சிமையின் நிறம்.

துக்கத்திலிருந்து பிறந்த இன்னொரு வழக்கு கறுப்புக்கொடி. 1928 பெப்ரவரி 3 இல் சைமன் ஆணைக்குழு பம்பாயில் வந்திறங்கியபோது இந்திய மக்கள் கறுப்புக்கொடி காட்டினர். 1940களின் நடுப்பகுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் இயக்கத்தாருக்குக் கறுப்புச் சட்டையை அளித்தார். திராவிடர் கழகக் கொடியின் கறுப்பு மக்களின் இழிநிலையையும், அதன் நடுவிலுள்ள செவ்வட்டம் அந்நிலை நீங்கும் நம்பிக்கையையும் குறிப்பன என்று அவ்வியக்கத்தார் விளக்கினர். இழிவென்று பிறர் சொன்னதைத் தாமே எடுத்து உடுத்திக்கொள்ளும் துணிவு அதில் இருந்தது. எனினும் கறுப்பு இழிவைக் குறிப்பது என்ற கணக்கை அதுவும் மாற்றவில்லை.

இலங்கையில் 1957 பெப்ரவரி 4 ஆம் நாள், சுதந்திர தினத்தன்று, தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழர் பகுதிகளில் கறுப்புக்கொடிகள் ஏற்றப்பட்டன. திருகோணமலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் அக்கொடியை ஏற்ற முயன்ற நடராசன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1983 யூலை மாதத்தின் கடைசி வாரத்தில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, பலர் உயிரிழந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கரி படிந்த சுவர்கள் நெடுநாள் நின்றன. அம்மாதத்தைக் கறுப்பு யூலை என்று மக்கள் அழைக்கின்றனர். இங்கே சொல்லாராய்ச்சி செய்வது தகாது. அந்தப் பெயர் அது குறிக்கும் துயரத்தால் நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அப்பெயரைக் கொண்டு தமிழில் கருமையின் முழுப்பொருளும் அதுவே என்று முடிவு செய்வதற்கும் இடமில்லை. ஏனெனில் மொழி வேறு கதை சொல்கிறது.

கறுத்தல் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் உரியியலில் தரும் முதற்பொருள் நிறமன்று. கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டும் சினத்தைக் குறிக்கும் சொற்கள் என்று கூறி, அவை நிறத்தை உணர்த்தவும் உரியவை என்று அடுத்த சூத்திரத்தில் சேர்க்கிறார் ஆசிரியர். முகம் கறுத்தது என்று இன்றும் நாம் சொல்வதில் அப்பழைய பொருளின் நிழல் கிடக்கிறது. எழுத்துக்கூட்டலில் ஐயமுள்ள நேயர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கலாம்: இடையின ரகரம் இட்டுக் கருப்பு என்று எழுதினால், பழைய அகராதிகளின்படி அதற்குப் பஞ்சம் என்று ஒரு பொருள் உண்டு. கரும்பு என்னும் சொல் வேறொரு சொல்லோடு புணரும்போதும் கருப்பு என்றே நிற்கும். கருப்பஞ்சாறு என்பதைக் காண்க. பஞ்சத்தையும் கருப்பஞ்சாற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலில் அடக்கிய மொழி நம்முடையது. ஈழத்து வழக்கு நிறத்துக்கு வல்லின றகரம் இட்டுக் கறுப்பு என்றே எழுதிவருகிறது.

நிறத்துக்கு உரிய பழஞ்சொற்கள் கார், மை, மா, இருள், கரு எனப் பல. கார் என்பது கருமை. கார் என்பது மேகம். கார் என்பது மழைக்காலம். பயிர் செய்யும் மக்களுக்கு வானம் கறுப்பது நற்செய்தியேயன்றித் தீக்குறியன்று. வெண்மேகம் வெறுங்கையோடு போகும். கருமேகமே நீர் சுமந்தது. முல்லை நிலத்துத் தெய்வமாகத் தொல்காப்பியம் கூறும் மாயோன் கருநிறத்தவன். காளியின் பெயரே கருமையைக் குறிப்பது. நஞ்சுண்டு கறுத்த மிடற்றைச் சிவபெருமானுக்கு அணியாகப் பாடினர் புலவர். தமிழகத்துச் சிற்றூர்களின் எல்லைக் காவலராகிய கருப்பண்ணசாமி, தோட்டத் தொழிலாளரோடு கடல் கடந்து நம் மலைநாட்டுக்கும் வந்தவர். அவரிடம் பொய் சொல்ல எவரும் துணியார்.

சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு ஒரு பெயர் மாமை. மாந்தளிரின் நிறத்தோடு அதனை ஒப்பிடுவர். தலைவன் பிரிந்தால் அவளுக்கு வரும் நோய் பசலை. அதாவது நிறம் வெளுத்தல். நம் இலக்கியத்தின் மிகப் பழைய காதற் பாடல்களில் வெளிறிப்போவது நோயாகவும், மாநிறம் மீள்வது நலமாகவும் சொல்லப்பட்டுள்ளன. பெண் பார்க்கப் போகும் வீட்டில், பிள்ளை என்ன நிறம் என்று முதலிற் கேட்கும் பழக்கம் உடையோர் இதனை அறிந்தால் சற்று நாணக்கூடும். இப்பொருளுக்குப் பின்னர் வருவோம்.

இனி மையின் கதைக்குச் செல்வோம். எரியும் திரியிலுள்ள எண்ணெய்க்குப் போதிய காற்றுக் கிடையாதபோது அது முற்றும் எரிவதில்லை. எரியாது எஞ்சிய காபன் நுண்துகள்களாகப் புகையோடு எழுகிறது. மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தால் அத்துகள் பட்டுப்போலப் படியும். மாளிகாவத்தை வானத்தில் எஞ்சின் உமிழ்ந்ததும் இதுவே. அங்கு வீணாகிய பொருளை நம் பாட்டிமார் சட்டியிற் பிடித்து வைத்தனர். விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைத்தால் கண்மை. குழந்தைக்குப் பொட்டிட வசம்பைச் சுட்டு இழைப்பதும் இவ்வினமே. கடைகளில் விற்கும் சுருமா வகைகள் சிலவற்றில் ஈயக்கல் கலந்திருப்பதுண்டு, அது நஞ்சு. பாட்டியின் சட்டிக் கரியில் அவ்வச்சம் இல்லை.

ஓலையில் எழுதுவோர் எழுத்தாணியாற் கீறுவர். கீறியவுடன் எழுத்துக் கண்ணுக்குச் சரிவரத் தெரியாது. ஓலையின் நிறமும் கீறலின் நிறமும் ஒன்றே. கரியும் ஊமத்தை போன்றவற்றின் இலைச்சாறும் கலந்த மையை ஓலை முழுதும் தடவித் துடைத்தால், மேற்பரப்பிலிருந்து மை நீங்கும். கீறலுக்குள் மட்டும் தங்கும். அப்பொழுது எழுத்துத் தோன்றும். பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தது இவ்வழியில்தான். கன்னங்கரிய ஏடு சுமந்த அந்நூல்களைத் தேடி எடுத்துப் பதிப்பித்த பெரியாருள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முன்வரிசையிலே நிற்பவர். 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். அவருக்கு முன்னே, 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அச்சுமையும் விளக்குக்கரியை ஆளிவிதை எண்ணெயிற் காய்ச்சிக் குழைத்ததே. எழுத்தாணி போய் ஈயவெழுத்து வந்தது; ஓலை போய்க் கடதாசி வந்தது; கரி மட்டும் தன் இடத்தை விட்டு அகலவில்லை.

அதற்குத் தக்க காரணம் உண்டு. மேனாட்டார் நெடுங்காலம் கையாண்ட மை, இரும்புப் பச்சையும் மாசிக்காய்ச் சாறும் கலந்தது. அது ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும், கடதாசியையும் அரிக்கும். காபன் அவ்வாறன்று. ஒளி அதனை வெளிறச் செய்வதில்லை. காற்று அதனை மாற்றுவதில்லை. எகிப்தியரும் சீனரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கரிமையால் எழுதியவை இன்றும் கறுப்பாகவே உள்ளன. அதற்குப் பகை நெருப்பு ஒன்றே. 1981 மே 31 ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. கரியால் எழுதியவையும் எழுதிய ஏடுகளும் ஒன்றாகவே கரியாயின.

எழுத்துக்கும் கருமைக்கும் இலங்கை மண்ணிலேயே இன்னொரு தொடர்பு உண்டு. பென்சிலின் உள்ளே இருக்கும் பொருளைக் காரீயம் என்கிறோம். அதில் ஈயம் சிறிதும் இல்லை. ஈயத்தைப் போல் கடதாசியிற் கோடிடுவதால் வந்த பிழைப்பெயர் அது. ஆங்கிலேயரும் அதனைக் கறுப்பு ஈயம் என்றே அழைத்தனர். சுவீடன் நாட்டு இரசாயனவியலார் சீலே 1779 இல் அதனை ஆராய்ந்து அது காபன் என்று காட்டினார். பத்தாண்டுகளின் பின் வேர்னர் என்னும் செருமானியர், எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிராபைற் என்று பெயரிட்டார். சிங்களத்தில் மினிரன்.

உலகின் பல நாடுகளிற் காரீயம் பாறையில் சிறு செதில்களாகக் கலந்து கிடக்கிறது. இலங்கையிலோ பாறைப் பிளவுகளில் தடித்த நாளங்களாக ஓடுகிறது. காபன் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும், சிறந்த கட்டிகளில் தொண்ணூற்றொன்பதுக்கு அணித்தாகவும் இருக்கும். வணிக அளவில் நாளக் காரீயத்தை உலகுக்கு அளித்துவரும் நாடு இலங்கையே. போகலை, கஹட்டகஹ, கொலங்கஹ முதலிய சுரங்கங்கள் பெயர்பெற்றவை. அகழ்ந்த கட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, கிடங்குகளில் உடைத்துத் தரம் பிரித்துப் பீப்பாக்களில் அடைத்துக் கப்பலேற்றினர். தரம் பிரிக்கும் வேலையிற் பெண்கள் பலர் இருந்தனர். மாலையில் அக்கிடங்குகளை விட்டு வெளிவருவோர் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளியும் கருமையும் கலந்த மினுக்கம் பூசியவராக இருந்தனர்.

அப்பொருளை மேனாட்டார் விரும்பியதற்குப் பென்சில் காரணமன்று. காரீயம் மிகப்பெரிய வெப்பத்தையும் தாங்கும், உருகாது. உருக்கையும் பித்தளையையும் காய்ச்சும் மூசைகள் செய்ய அது இன்றியமையாததாயிற்று. முதல் உலக மகாயுத்தம் மூண்டபோது வெடிகுண்டு உறைகளுக்கு உலோகம் உருக்கும் தேவை பெருகிற்று. 1916 இல் இலங்கையிலிருந்து 30,000 தொன்னுக்கு மேற்பட்ட காரீயம் ஏற்றுமதியாயிற்று. யுத்தம் முடிந்ததும் விலை வீழ்ந்தது. மடகாசுகரின் மலிந்த சரக்கும் போட்டிக்கு வந்தது. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தையார் பொருளீட்டிய தொழில்களில் காரீயமும் ஒன்று. 1971 இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1990களில் சில மீண்டும் தனியார் கைக்குச் சென்றன.

இக்கரிய கல்லைப் பற்றி விஞ்ஞான முறையில் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர், நேயர்கள் வேறு துறையில் அறிந்த பெரியார். 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1900 இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் பணிப்பாளராக ஊர் ஊராகச் சுற்றினார். கல்லைத் தேடிச் சென்றவர் கண்டது கைவினைஞரை. 1908 இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலில், ஓவியர் கறுப்பு வண்ணத்தைப் பிசினும் எண்ணெயும் எரித்த கரியிலிருந்து ஆக்கும் முறையையும் எழுதிவைத்தார். பத்தாண்டுகள் கழிந்து சிவனது ஆடலின் உட்பொருளை உலகுக்கு விளக்கியவரும் அவரே. பாறைப் பிளவிலுள்ள காபனையும் திருவுருவத்திலுள்ள குறியீட்டையும் ஒருவரே ஆராய்ந்தது தற்செயலாயினும், விஞ்ஞானமும் குறியீடும் தம்முட் பகை என்று எண்ணுவோர் அவர் வரலாற்றை ஒருமுறை படிப்பது நன்று.

அவர் ஆராய்ந்த அக்காரீயத்துக்கு 2004 இல் புதியதொரு பெருமை வந்தது. மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் கெய்ம், நொவொசெலொவ் என்னும் இருவர், ஒட்டு நாடாவைக் காரீயத்தில் ஒட்டி ஒட்டி உரித்து, ஓரணுத் தடிப்பே உள்ள படலத்தைப் பிரித்தெடுத்தனர். 2010 இல் நொபெல் பரிசு பெற்றனர். அப்படலம் ஒன்று தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 2.3 பங்கை உறிஞ்சுகிறது. ஓரணுத் தடிப்புக்கு இது பெருந்தொகை. கண்ணுக்கு அது கண்ணாடி போலத் தோன்றும். ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கினால் ஒளி ஊடுருவ முடியாத இருளாகிறது. கருமை எப்படி உண்டாகிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இனிப் பௌதிகவியலார் கூறுவதைக் கேட்போம். செம்பருத்தி சிவப்பாயிருப்பது, மற்ற நிறங்களை ஏற்றுச் சிவப்பைத் திருப்பி அனுப்புவதால். வெண்மை எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது. கருமை எதையும் திருப்புவதில்லை. வந்த ஒளி முழுவதையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. 1664 இல் உறொபேட் பொயில், பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் பூசிய ஓடு ஒன்றை வெயிலில் வைத்து, கறுப்புப் பாதியே சூடேறுவதை எடுத்துக்காட்டினார். அடுத்த நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் பல நிறத் துணித் துண்டுகளைப் பனியின்மேற் பரப்பினார். கறுப்புத் துண்டு மிக ஆழமாகப் புதைந்தது, வெள்ளை மேலேயே கிடந்தது. நண்பகலில் மாளிகாவத்தை வீதியில் வெறுங்காலோடு தார் ரோட்டைக் கடந்த எவருக்கும் இச்சோதனைகள் வேண்டியதில்லை.

ஆனால் பாதிக் கதைதான் இது. 1804 இல் ஜோன் லெஸ்லி ஒரு செப்புப் பெட்டியில் வெந்நீர் நிரப்பினார். அதன் ஒரு பக்கத்தை மினுக்கி, ஒரு பக்கத்துக்கு விளக்குக்கரி பூசினார். இரண்டுக்கும் ஒரே வெப்பநிலை. ஆயினும் கரி பூசிய பக்கமே பன்மடங்கு வெப்பத்தை வெளியே வீசிற்று. 1860 இல் கேர்க்கோப் இதனை ஒரு விதியாகவே நிறுவினார்: நன்றாக வாங்குவது எதுவோ அதுவே நன்றாகக் கொடுப்பதும். வந்த கதிரனைத்தையும் வாங்கும் பொருளைக் கரும்பொருள் என்றார். சூடேற்றப்பட்ட கரும்பொருளைவிட அதே வெப்பநிலையில் மிகுதியாகத் தன் வெப்பத்தால் ஒளிரக்கூடிய பொருள் வேறில்லை. சூரியனே ஏறத்தாழ ஒரு கரும்பொருள் என்று பௌதிகநூல் கூறுவதைக் கேட்டு மாணவர் முதலில் நகைப்பர். அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை சென்றிகிரேட்டில் இருப்பதால் நாம் அதன் கருமையைக் காண்பதில்லை.

கரும்பொருளை ஆய்கூடத்தில் ஆக்குவது எளிது. மூடிய பெட்டியொன்றில் சிறு துளையிட்டால் போதும். துளையினுட் புகுந்த ஒளி சுவரிலிருந்து சுவருக்கு மோதி மோதி உள்ளேயே அடங்கிவிடும். வெள்ளைச் சுவருள்ள வீடாயினும் நண்பகலில் தெருவில் நின்று பார்த்தால் திறந்த சாளரம் கறுப்பாகத் தோன்றுவது இதனாலேயே. வெயில் எறிக்கும் பிரகாரத்தில் நின்று கோயிலின் கருவறை வாயிலை நோக்கினால் காண்பதும் அவ்விருளையே. எண்ணெய்க் காப்பால் மேலும் கறுத்த கருங்கல் மூலவர் அங்கே ஒரு தீபத்தின் சுடரில் மட்டும் தோன்றுவார். சிற்பிகள் பௌதிகம் கற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. அவ்வாறு சொல்வோரைக் கண்டால் எனக்கு அச்சம். இருளை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர், அவ்வளவே.

அத்துளையிலிருந்து வரும் ஒளியைக் கணக்கிட முயன்றபோதுதான் பழைய பௌதிகம் தடுமாறிற்று. 1900 டிசெம்பரில் மாக்ஸ் பிளாங்க், சத்தி ஒழுக்காகப் பாயாது சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்று கொண்டு அதனை விடுவித்தார். 1924 இல் டாக்காவிலிருந்த சத்தியேந்திரநாத் போஸ் அதே சூத்திரத்தைப் புதுவழியில் நிறுவி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். இன்றைய இலத்திரனியற் கருவிகள் யாவும் நிற்கும் அத்திவாரம், கரும்பொருள் ஏன் அப்படி ஒளிர்கிறது என்ற கேள்வியிலிருந்து எழுந்தது.

போஸுக்கு ஆறாண்டுகளின் பின் இன்னோர் இளைஞர் கப்பலேறினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சந்திரசேகர் 1930 யூலை 31 இல் பம்பாயிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. அப்பயணத்திற் செய்த கணக்கு, எரிந்து தீர்ந்த விண்மீன் ஒன்று ஓர் எல்லைக்கு மேற்பட்ட திணிவுடையதாயின் வெண்குறுமீனாக அமைதியுற முடியாது, மேலும் மேலும் ஒடுங்கும் என்று காட்டிற்று. 1935 இல் எடிங்டன் அதனை வெளிப்படையாக எள்ளினார். ஆயினும் கணக்கு நின்றது. 1983 இல் சந்திரசேகருக்கு நொபெல் பரிசு வந்தது. அவ்வாறு ஒடுங்கும் விண்மீன்களுள் மிகப் பெரியவற்றின் முடிவுக்குக் கருந்துளை என்ற பெயரை 1967 இன் பின்னர் ஜோன் வீலர் பரப்பினார். ஒளியும் மீளாத அவ்விடத்திலிருந்தும் மிக மெல்லிய கதிர்வீச்சு எழும் என்று 1974 இல் ஸ்டீபன் ஹோக்கிங் கணித்தார். கேர்க்கோப்பின் விதி அங்கும் துரத்திச் சென்றது போலும். 2019 ஏப்பிரல் 10 இல் வெளியான படத்தில், 5½ கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு கருந்துளையின் நிழலை, அதனைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் நடுவே உலகம் கண்டது.

விண்ணிலிருந்து நம் தோலுக்கு இறங்குவோம். பெண் பார்க்கும் வீட்டின் கேள்வியை இடையில் விட்டுவந்தோம். தோலின் கருமைக்குக் காரணம் மெலனின் என்னும் பொருள். கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களை அது தன்னுள் வாங்கி, தீங்கற்ற வெப்பமாக்கிக் கழிக்கிறது. தோலின் உயிரணுக்களிலுள்ள மரபுப்பொருள் சிதையாது காக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அணித்தே, ஆண்டு முழுதும் வெயில் எரிக்கும் நாட்டில், பல்லாயிரம் தலைமுறைகள் உடலோடு சுமந்துவந்த குடை அது. கண்ணின் உட்சுவரிலும் அதே மெலனின் பூசப்பட்டுள்ளது. புகுந்த ஒளி உள்ளே சிதறாமல் காட்சி தெளிவாக விழுவது அதனாலேயே. கருமணி கறுப்பாயிருப்பதற்குக் காரணம், அதனுட் சென்ற ஒளி மிகச் சிறிதே வெளிவருவது.

இக்குடையைக் கழற்றி எறிவதற்கென்றே கடைகளிற் களிம்புகள் விற்கின்றன. வெண்மையாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரச உப்புக்கள் சேர்க்கப்படுவதை உலகச் சுகாதார நிறுவனம் பன்முறை எச்சரித்துள்ளது. மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் நிறம் சில நாள் வெளுக்கும். பின்னர் அது தோலின் வழியே இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைத் தாக்கும், கருவுற்ற பெண்ணாயின் வயிற்றுப் பிள்ளையையும் சென்றடையும். 2013 இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசமுள்ள அழகுப் பொருள்களின் ஆக்கத்தையும் வணிகத்தையும் 2020 ஆம் ஆண்டோடு நிறுத்தவேண்டுமென விதித்தது. இலங்கையும் அதிற் சேர்ந்த நாடு. எனினும் உள்ளடக்கம் குறிக்கப்படாத சிறு டப்பிகள் இன்னும் விலைப்படுகின்றன. அவற்றை வாங்குவோரிற் பலர் இளம்பெண்கள். மாமை என்ற சொல்லை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.